அருவாமணை விமானம்

விமானம் ஓட்டுகிறவனுக்கு எட்டாவது சுற்றில் தலை சுற்றினால் அவன் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எனக்குச் சுற்றியது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மைசூரில் சாமுண்டி மலையடிவாரத்து வெட்டவெளியில் இதைத் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் ஐந்து மாதம் உட்கார்ந்து அந்த விமானத்தைச் செய்திருந்தேன்.

ஆள் ஏறும் விமானம் இல்லை. கம்பி விமானம். இறக்கை மூன்றரை அடி நீளம். மூக்கில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு டீசல் இன்ஜின். இடது இறக்கையின் நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் கிளம்பி ஐம்பதடி தள்ளி ஒரு கைப்பிடியில் வந்து முடியும். அந்தக் கைப்பிடியோடு ஒருவன் நடுவில் நிற்பான். கைப்பிடியை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். மற்றபடி அது அவனைச் சுற்றிச் சுற்றி வரும். அவனும் அதைப் பார்த்தபடி நின்ற இடத்திலேயே சுற்ற வேண்டும். எண்ணெய் தீரும்வரை இதை நிறுத்த வழியில்லை.

நான் அப்போது ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன். என் அப்பாவும் ரயில்வே வேலைக்காகத்தான் ஜோலார்பேட்டையிலிருந்து மைசூருக்கு வந்தவர். எனக்கு வயது முப்பத்திரண்டு. கல்யாணமாகி நாலு வருஷம். நாள் முழுதும் பெட்டிகளின் அடிச்சட்டங்களை வரைந்துகொண்டிருந்த எனக்கு, வளைந்த கோடு என்றால் ஒரு பலவீனம் உண்டு. பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

இந்த விவகாரத்தில் என்னை இறக்கிவிட்டவன் என் பள்ளித் தோழன். மண்டி மொஹல்லாவில் சைக்கிள் கடை வைத்திருந்தான். வீட்டில் கன்னடம், என்னோடு பேசும்போது மட்டும் தமிழ் மாதிரி ஒன்று. அவனுடைய வாடிக்கையாளர் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது, ஓடாத ஒரு சின்ன டீசல் இன்ஜினை அவனிடம் விட்டுப் போனார். அதை ஓட வைத்தே தீருவது என்று இவன் மூன்று வாரம் மாலை நேரங்களில் கடையைக் கவனிக்காமல் இருந்தான். ஓடியது. ஓடியபின் அதை எதில் மாட்டுவது என்ற கேள்வி வந்தது. அதே சமயம் பெங்களூரில் சிலர் ஆண்டுக்கு ஒருமுறை பழைய கம்பி விமானங்களுக்கென்றே போட்டி நடத்துவதாகக் கேள்விப்பட்டான்.

"பழசுன்னா, ப்ளேன் பழசா இருக்கணும்னு இல்ல குரு," என்றான். "படம் பழசா இருக்கணும். நாம பொறக்கறதுக்கு முன்னாடி யாரோ வரைஞ்ச படம். அதைப் பாத்து இப்ப நாம செய்யணும். நீ வரையறவன் அல்வா?"

'இல்லையா' என்பதற்கு அவன் கன்னடத்தில் அல்வா. நான் வரைகிறவன்தான். படம் எங்கே கிடைக்கும் என்றேன். அவன் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பழைய பேப்பர்க் கடை. ஏதோ பெரிய வீட்டைக் காலி செய்தபோது வந்த சீமைப் பத்திரிகைக் கட்டு ஒன்று அங்கே தராசுக்குப் பின்னால் கிடந்தது. முழுக்க முழுக்கப் பொம்மை விமானங்கள். பக்கங்கள் பழுப்பேறி, சில இடங்களில் பூச்சி அரித்து, ஆனால் கோடுகள் தெளிவாக இருந்தன. எடை போட்டு வாங்கி வந்தோம்.

இரண்டு வாரம் புரட்டியபின் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று படங்கள் மிஞ்சின.

முதலாவது என் தேர்வு. இறக்கை நீள்வட்டமாக, நுனியில் நிலாப்பிறை போலக் குவிந்திருக்கும். உடம்பு மீன் மாதிரி. சக்கரங்களுக்குக்கூட நீர்த்துளி வடிவத்தில் உறை. அந்த இறக்கையின் விளிம்புக்கோட்டை நான் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தோழனின் தேர்வு. மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை. "ஒண்ணு முறிஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும்," என்பது அவன் கட்சி. சைக்கிள் கடைக்காரனின் சிந்தனை அப்படித்தான் போகும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மற்ற இரண்டில் ஒன்றின் பின்பக்கத்தில் அச்சாகியிருந்ததால் மேஜைக்கு வந்திருந்தது. உடம்பு என்று ஒன்றில்லை, ஒரே பலகையை விமானத்தின் பக்கவாட்டு உருவத்தில் அறுத்திருந்தார்கள். இறக்கை தடிமனாக, நுனிகள் ரம்பத்தால் அறுத்த மாதிரி நேராக. என் மனைவி சாப்பாட்டுத் தட்டு வைக்க இடம் தேடி வந்தவள் அதைக் கையிலெடுத்துப் பார்த்தாள்.

"இது நல்லாயிருக்குதுங்களே," என்றாள்.

"அருவாமணை மாதிரி இருக்கு," என்றேன்.

"அருவாமணைக்கு என்னங்க குறை?"

அவள் கொங்கு எல்லையோரத்து ஹனூர்க்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே முசுக்கட்டைத் தோட்டம், பட்டுப்புழு வளர்ப்பு. மைசூருக்கு வந்து நாலு வருஷமாகியும் பேச்சில் 'ங்க' போகவில்லை, நடுநடுவே கன்னடம் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். படத்தை வைத்துவிட்டுத் தட்டைப் போட்டாள். நாங்கள் நீள்வட்டத்தை முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்றால் நான் முடிவு செய்தேன். இன்ஜின் அவனுடையது, மேஜை என்னுடையது.

பத்திரிகையில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கினேன். அதற்கே ஒரு மாதம். அதன்பிறகு பால்சா மரம். அது காற்றை அறுத்துப் பலகையாக்கிய மாதிரி இருக்கும். பெங்களூரிலிருந்துதான் வரவேண்டும். இறக்கைக்குள் இருபத்திரண்டு விலா எலும்புகள், நீள்வட்டம் என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒன்றைத் தவறாக அறுத்தால் அதை வேறெங்கும் பயன்படுத்த முடியாது. நான் ஒன்பதைத் தவறாக அறுத்தேன்.

எலும்புக்கூடு முடிந்ததும் மேலே போர்த்த மெல்லிய பட்டு வேண்டும் என்று படத்தில் போட்டிருந்தது. இதில் மட்டும் எங்களுக்குச் சிரமமிருக்கவில்லை. மாமனாரின் பங்காளிக்குக் கொள்ளேகாலில் தறி இருந்தது. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். சாயம் போடாத, மூச்சு விட்டால் அசைகிற துணி இரண்டு கெஜம் வேண்டும் என்று மனைவி கேட்டாள்.

மாமனார் உடன் வந்திருந்தார். "மாப்பிள்ளைக்கு அங்கவஸ்திரமுங்களா?" என்று என்னைக் கேட்டார். மாப்பிள்ளை என்பதால் எனக்கு மரியாதை அதிகம்.

"இல்லீங்கப்பா," என்றாள் அவள். "ஏரோப்ளேனுக்கு."

அவர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு தறிக்காரரிடம், "நல்லதா குடுப்பா," என்றார். அதற்குமேல் அந்த விஷயத்தை அவர் என்றைக்கும் கேட்டதில்லை.

பட்டைப் போர்த்தியது அவள்தான். ஈரத் துணியை இறக்கைமேல் விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, ஓரத்தை ஒட்டி, மேலே வார்னிஷ் மாதிரி ஒரு மருந்தைத் தடவினால் மத்தளத்தோல் போல இறுகும். நான் செய்தபோது சுருங்கியது. அவள் செய்தபோது இறுகியது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துணி வேலை என்று நினைத்தேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சீமெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர் மூன்றையும் கலந்தால் இன்ஜினுக்கான எண்ணெய். வாசனை, ஆஸ்பத்திரியில் யாரோ பணியாரம் சுட்ட மாதிரி இருக்கும். தோழன் விரலால் காற்றாடியைச் சுண்டிச் சுண்டி இன்ஜினைக் கிளப்பினான். என் மனைவி விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் நடுவில் நின்று கையைத் தூக்கியதும் விட்டாள்.

பறந்தது. உண்மையிலேயே பறந்தது. முதல் சுற்றில் மலை, வேப்பமரம், எங்கள் ஸ்கூட்டர், காலை நடைக்கு வந்து நின்றுவிட்ட ஏழெட்டுப் பேர் என்று எல்லாம் வரிசையாக வந்தன. இரண்டாவது சுற்றில் அதே வரிசை. ஐந்தாவதில் மலையும் ஸ்கூட்டரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. ஏழாவதில் நடைக்கு வந்தவர்கள் இருபது பேரானார்கள். எட்டாவதில் தரை என் இடது தோள்பக்கம் எழுந்து வந்தது. நான் உட்கார்ந்தேன் என்று நினைத்தேன். விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள். விழும்போது கை மேலே போயிருக்கிறது. விமானம் செங்குத்தாக ஏறி, உச்சிக்குப் போய், அங்கிருந்து நேராக இறங்கிவிட்டது.

ஐந்து மாதம் செய்தது ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவாகப் பறந்தது. நடைக்கு வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார். அது பயிற்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கலாம்.

இறக்கையில் பாதி தப்பியது. இரண்டு மாதத்தில் ஒட்டிச் சரிசெய்தேன். அதற்குள் வீட்டுக் கூடத்தில் தினமும் சாயங்காலம் கையை நீட்டிக்கொண்டு சுற்றிப் பழகினேன். காது மூக்கு டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். அவர் என்ன வேலை என்று கேட்டார், டிராஃப்ட்ஸ்மேன் என்றேன். வேலையில் எதற்குச் சுற்றுகிறீர்கள் என்றார். விளக்கினேன். சுற்றாமல் இருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

மறுபடி மலையடிவாரம். மறுபடி எட்டாவது சுற்று. இந்த முறை விழுவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டதால் விமானம் புல்லில் சறுக்கிக் காற்றாடி மட்டும் உடைந்தது. தோழன் மாற்றுக் காற்றாடியை மாட்டினான். நீ ஓட்டு என்றேன். "பேடா குரு, வேணாம். நான் ஸ்டார்ட் பண்ணிக் கொடுக்கறவன். கடைக்காரன் சைக்கிள் ரேஸ் ஓட்டுவானா?" என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

"குடுங்க, நான் பாக்கறேன்," என்றாள் என் மனைவி.

"தலை சுத்தும்."

"செக்குமாடு பொழுதன்னிக்கும் சுத்துதுங்களே, அதுக்குத் தலையா சுத்துது?"

செருப்பைக் கழற்றி வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். நான் விமானத்தைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையைத் தூக்கினாள், விட்டேன். முதல் இரண்டு சுற்று விமானம் குதிரை மாதிரி எம்பி எம்பித் தாழ்ந்தது. மூன்றாவதில் அடங்கியது. அதன்பிறகு இடுப்புயரத்தில் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன். எட்டு. ஒன்பது. பதினைந்து. இருபத்தாறு சுற்றில் எண்ணெய் தீர்ந்து இன்ஜின் நின்றது. விமானம் சத்தமில்லாமல் மிதந்து வந்து, நீர்த்துளி உறை போட்ட சக்கரங்களில் இறங்கி நின்றது. என் நீள்வட்டத்தை அப்படி இறங்கும்போதுதான் முதன்முறை முழுசாகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

அவள் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு நேராக நடந்து வந்தாள். "இவ்வளவுதானுங்களா?" என்றாள். கேலி இல்லை. மெய்யாகவே கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் எனக்கு ஆபீஸ் வேலை இருந்தது. இருந்ததாக நான் சொன்னேன். அவர்கள் இருவரும் போனார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து, ஏற்கெனவே முடித்திருந்த ஒரு படத்தை இன்னொரு முறை மையிட்டேன். மத்தியானம் அவள் கையெல்லாம் விளக்கெண்ணெயோடு வந்து, குட்டிக்கரணம் போட வைத்துவிட்டதாகச் சொன்னாள். நல்லது என்றேன். திங்கட்கிழமை ஆபீஸில், விமானம் குட்டிக்கரணம் போட்டதாகச் சொன்னேன். யார் போட வைத்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் போட்டி விதிகள் தபாலில் வந்தன. நாலு பக்கம். மூன்றாம் பக்கத்தில், விமானத்தைச் செய்தவரே ஓட்ட வேண்டும் என்று இருந்தது. தோழன் அதை இரண்டு தடவை படித்தான். என் விமானத்தை நான்தான் ஓட்டலாம், எட்டாவது சுற்றுவரை. அவள் ஓட்ட வேண்டுமென்றால் அவளே ஒன்று செய்ய வேண்டும்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அவள் செய்யமாட்டாள் என்று நினைத்தேன். வீட்டு வேலை, காலையில் நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, இதற்கு நடுவில் யார் செய்வார்கள்? விதியைப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்ப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"அந்த அருவாமணையை எடுங்க."

"எத்தனையோ படம் இருக்கு. நிதானமா பாத்துத் தேர்ந்தெடு," என்றேன்.

"தேர்ந்தெடுத்தாச்சுங்க. அன்னிக்கே." விரலை விட்டு எண்ணினாள். "எலும்பெல்லாம் ஒரே அளவு. ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு அறுத்து வெச்சுக்கலாம். உடம்பு ஒரே பலகை, முறிஞ்சா ஒட்டிக்கலாம். இறக்கை தடி, மெதுவாத்தான் பறக்கும், எனக்கு யோசிக்க நேரமிருக்கும். ரயில்ல மேல சாமான் வெக்கற இடத்துல போகணும். உங்களுது போகுங்களா?"

போகாது. நான் அந்தப் பெட்டிகளை வரைகிறவன், ரேக்கின் அகலம் எனக்கு மனப்பாடம். விமானத்தைத் தேர்ந்தெடுத்த பத்து நாளில் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

விதிப்படி நான் தொடக்கூடாது. தொடவில்லை. படத்தைப் பெரிதாக்குவதுகூட அவளே கட்டம் போட்டுச் செய்தாள். கோடுகள் கொஞ்சம் நடுங்கின. எதிரில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதுதான் என் வேலை. பதினைந்து எலும்புகள் அறுத்தாள். நாலாவது ஒரு நூல் அளவு பெரிசாக வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கப்போனேன்.

"சொல்லாதீங்க," என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

அது அப்படியே உள்ளே போய், மேலே பட்டும் போர்த்தியாயிற்று. கைவைத்துத் தடவினால் அந்த இடத்தில் ஒரு சின்ன மேடு. பார்த்தால் தெரியாது. எனக்கு மட்டும் கண்ணை மூடினாலும் தெரிந்தது. ஆறு வாரத்தில் முடித்தாள். மஞ்சள் வர்ணம் அடித்தாள். என்னதான் மஞ்சளடித்தாலும் அருவாமணை அருவாமணைதான். ஆனால் மலையடிவாரத்தில் அது காற்றடிக்கிற நாளிலும் அசையாமல் பறந்தது. இரண்டு முறை தரையில் மோதினாள். இரண்டு முறையும் அதே வாரம் ஒட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

போட்டிக்கு ஒரு நாள் லீவு கேட்டு எழுதினேன். காரணம்: விமானப் போட்டி. மேலதிகாரி அதை அடித்து 'சொந்த வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலை ரயிலில் அருவாமணை ரேக்கில் கச்சிதமாகப் பொருந்தியது. பக்கத்தில் ஒருவர் பலாப்பழம் வைத்திருந்தார். மத்தூர்வரை நான் அந்தப் பலாப்பழத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

பெங்களூரில் ஒரு கல்லூரி மைதானம். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எட்டு ஆண்கள், இவள். விமானங்களைத் தரையில் வரிசையாக வைத்தார்கள். எல்லாமே நான் தேர்ந்தெடுக்கக்கூடிய விமானங்கள். ஒருவர் என்னுடைய அதே நீள்வட்டத்தைச் செய்திருந்தார், என்னைவிட நன்றாக. முதலில் நடுவர் அசல் படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார். அவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், பெங்களூர்த் தமிழர். அருவாமணைக்கு முன் வந்து நின்றார். அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார்தான் பண்ணிக் குடுத்தாரா?"

"இல்லீங்க. நான்தான் பண்ணேன்."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரூல் இருக்கு, கேக்கணும். உள்ள எத்தனை ரிப்பு?"

"பதினஞ்சுங்க. அதுல நாலாவது ஒரு நூல் பெருசாப் போச்சு. இந்தாங்க, தொட்டுப் பாருங்க. இவரு பண்ணியிருந்தா இது இருக்காதுங்க. ராத்திரியெல்லாம் தூங்கமாட்டாரு."

நடுவர் குனிந்து விரலால் தடவினார். அந்த மேட்டின்மேல் விரல் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். நிமிர்ந்து என்னிடம், "கரெக்டா சார்?" என்றார்.

"கரெக்ட்," என்றேன். "முதல் நாள்லருந்து எனக்குத் தெரியும்."

"நீங்க எதுவும் சொல்லலையா?"

"சொல்ல விடலை."

அவர் தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த விமானத்துக்குப் போனார்.

அவள் முறை ஆறாவதாக வந்தது. தோழன் இன்ஜினைக் கிளப்பினான், அன்றைக்கு ஒரே சுண்டில். நான் விமானத்தைப் பிடித்திருந்தேன். வட்டத்துக்கு வெளியே எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நிற்பதை அவர்கள் முன்னே பார்த்ததில்லை. கை தூக்கினாள். மட்டமாக இரண்டு சுற்று, பிறகு குட்டிக்கரணம் மூன்று, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக. அடுத்து, காற்றில் எட்டைப் படுக்கவைத்து எழுதிய மாதிரி ஒரு படுத்த எட்டு. அதில் இரண்டாவது வளையம் கொஞ்சம் பெரிசு. நான் மூச்சை எங்கேயோ வைத்துவிட்டிருந்தேன். தோழன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன், சட்டையில் எண்ணெய்க் கறை. அடுத்து விமானத்தைத் தலைகீழாக்கி மல்லாக்கப் பறக்கவிட வேண்டும். அதை அவள் பழகியிருக்கவில்லை. முயற்சி செய்யவுமில்லை. அந்த நேரத்தில் மட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி. பிறகு இறக்கினாள். ஒரே ஒரு துள்ளல், நின்றது.

நாலாவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான். என் நீள்வட்டத்தைச் செய்திருந்தவர் அழகுக்கு முழு மதிப்பெண் வாங்கி, பறக்கும்போது இரண்டாவது குட்டிக்கரணத்தில் தரையில் இறக்கிவிட்டார். அவர் துண்டுகளைப் பொறுக்கும்போது நான் போய் உதவினேன். எத்தனை மாதம் என்று கேட்டேன். எட்டு என்றார்.

திரும்பும் ரயிலில் தோழன் ஏறியதுமே தூங்கிவிட்டான். வெளியே வெயில் இருந்தது. அவள் மதிப்பெண் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"மல்லாக்கப் பறக்கவிடக் கத்துக்கணும்," என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "நீங்க சுத்தும்போது எதைங்க பாப்பீங்க?" என்றாள்.

"எதைன்னா? ப்ளேனைத்தான்."

"ப்ளேனையே பாத்தா தலை சுத்தாதுங்களே. அது அப்படியே நிக்கும். பின்னாடி இருக்கறதுதான் ஓடும். பின்னாடி ஓடறதைப் பாத்தாத்தான் சுத்தும்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கரும்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த முதல் ஞாயிறு நினைவுக்கு வந்தது: மலை, மரம், ஸ்கூட்டர், நடைக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களின் சட்டை நிறம்கூட எனக்கு நினைவிருந்தது. முதல் சுற்றிலிருந்தே, எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஜனங்களைப் பாத்தேன்," என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "எதுக்கு?" என்றாள்.

"அவங்க பாக்கறாங்களான்னு."

"பாத்திருப்பாங்க," என்றாள். "நீங்க ஒரு தடவை விழுந்தீங்க, ஒரு தடவை உக்காந்தீங்களே." பிறகு, நான் ஆபீஸ் வேலை என்று சொன்ன அந்த இரண்டு ஞாயிறும் வந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்றாள். வேலை எதுவும் இருக்கவில்லை என்று சொன்னேன். தெரியும் என்றாள். மாண்டியாவில் வடை வாங்கிச் சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு விமானத்தை மட்டும் பார்த்தேன். ஒன்பதாவது சுற்றில் தலை சுற்றியது. ஒரு சுற்று முன்னேற்றம். ஆறு மாதம் பழகினேன், ஒன்பது பத்தாகவே இல்லை. காரணம் தெரிந்துவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை.

அதனால் விதிகளை மறுபடி படித்தேன். நாலாம் பக்கத்தில், கிளம்பியபின் ஆறு சுற்று முடித்து இறங்கினால் அது பறந்ததாகக் கணக்கு என்று இருந்தது. அதன்பிறகு வேறு வழி கிடைத்தது. எண்ணெயை ஊசிபோடும் சிரிஞ்சால் அளந்து, சரியாக ஏழு சுற்றுக்கு எவ்வளவு என்று தோழனும் நானும் மூன்று ஞாயிறு சோதித்தோம். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுவான். காற்று பலமாக இருந்தால் இரண்டு சொட்டு கூடுதல்.

அதற்குள் தோழன் இன்னொரு பழைய இன்ஜினையும் ஓட வைத்திருந்ததால், மறுவருஷம் இரண்டு பெயர்கள் கொடுத்தோம். நீள்வட்டத்துக்கு ரேக்கில் இடமில்லை என்பதால் நான் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெங்களூர்வரை அசையவில்லை. எதிர் சீட்டில் இருந்த அம்மாள் அது என்ன விலை என்று கேட்டார். விற்பதற்கில்லை என்றேன். விற்காததை எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்றார்.

அந்த முறை பதினொரு பேர். அழகுக்கு எனக்கு இரண்டாவது இடம். பறக்கும்போது குட்டிக்கரணம் இல்லை, எட்டு இல்லை, எதுவுமில்லை. கிளம்பினேன். கண்ணுக்குப் பிடிமானமாக நீள்வட்டத்தின் மூக்கில் புதிதாகப் போட்டிருந்த மஞ்சள் பட்டையை மட்டும் பார்த்தேன். ஏழாவது சுற்றின் நடுவில் இன்ஜின் நின்றது. விமானம் மிதந்து, தாழ்ந்து, இரண்டு சக்கரத்திலும் ஒரே நேரத்தில் இறங்கியது. நடுவர் தாளில் எழுதினார். மொத்தத்தில் எட்டாவது இடம், எனக்குப் பின்னால் இருந்த மூன்று பேரின் விமானங்கள் விழுந்திருந்தன.

மைதானத்தின் ஓரத்து மரங்கள் சுற்றுவதை விட்டு முழுதாக நிற்கும்வரை நான் நடுவிலேயே நின்றேன். அவள் உள்ளே வந்தாள், செருப்பில்லாமல். அடுத்தது அவள் முறை. "தள்ளுங்க," என்றாள். நான் கைப்பிடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அருவாமணையைப் பிடிக்கப் போனேன்.